டெய்சி பிளேயர் பேசவில்லையா? பழுது பார்க்கவும் நகல் எடுத்து வைக்கவும் ஒரு கைக்குறிப்பு

பட்டனை அழுத்துகிறீர்கள், கருவி பேசவில்லை. உடனே ரீசெட் செய்யாதீர்கள், கடைக்கும் ஓடாதீர்கள். முதலில் மெமரி கார்டை வெளியே எடுத்து அதன் டப்பாவில் வையுங்கள். கருவி போனால் இன்னொன்று வாங்கலாம், நண்பரிடம் இரண்டு நாள் இரவல் கேட்கலாம். நீங்களே பேசிப் பதிந்து வைத்த வகுப்புக் குறிப்பும், போட்டித் தேர்வுக்கு மாதக்கணக்கில் சேர்த்த பாடங்களும் அந்தக் கார்டில் மட்டும்தான் இருக்கின்றன. பதற்றத்தில் அழுத்தும் ஒரு பட்டன் அவற்றை அழித்துவிடக் கூடாது.

டெய்சி என்பது பார்வையற்றோர் கேட்டுப் படிப்பதற்கான புத்தக வடிவம். விக்டர் ரீடர் ஸ்ட்ரீம், பிளெக்ஸ்டாக் பாக்கெட் போன்று, அதைக் கார்டு போட்டுக் கேட்கும் கையடக்கக் கருவிகளுக்கான குறிப்பு இது. பட்டன் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். பழுது வரும் வழிகள் பெரும்பாலும் ஒன்றேதான். எல்லாச் சோதனையும் கையாலும் காதாலும் செய்யக்கூடியவை, பக்கத்தில் பார்வையுள்ளவர் யாரும் இருக்க வேண்டியதில்லை.

பழுது எதில்: கருவியிலா, கார்டிலா, புத்தகத்திலா?

கார்டு வெளியே இருக்கும்போதே கருவியைச் சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். முழுக்க வடிந்த பேட்டரி முதல் சில நிமிடங்களுக்கு உயிரே இல்லாததுபோல் கிடக்கும். அதைப் பார்த்துக் கருவி செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அரை மணி கழித்துப் பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். "கார்டு இல்லை" என்று பேசினால் கருவி நலமாக இருக்கிறது, குறை கார்டிலோ புத்தகத்திலோதான்.

பேசவில்லையென்றால் பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் விடாமல் அழுத்திப் பிடித்து, விட்டுவிட்டு, மறுபடி சாதாரணமாக ஆன் செய்யுங்கள். தொங்கிப்போன கருவியைப் பெரும்பாலும் இதுவே எழுப்பிவிடும். இது வெறும் மறுதொடக்கம், எதையும் அழிக்காது. மெனுவுக்குள் இருக்கும் "ஃபேக்டரி ரீசெட்" வேறு. அது வைஃபை கடவுச்சொல், வேக அமைப்பு, சில கருவிகளில் புத்தக அடையாளங்கள் எல்லாவற்றையும் துடைத்துவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கொள்ளாதீர்கள்.

பின்மூடி திறக்கக்கூடிய மாடல் என்றால் பேட்டரியைக் கழற்றி ஒரு நிமிடம் வைத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்போதே பேட்டரியின் அகன்ற பக்கத்தை விரல்களால் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் மேடு தட்டினாலோ, மேசையில் வைத்துச் சுண்டினால் அது ஊசலாடினாலோ, மூடி முன்போல் கிளிக்கென்று உட்காராமல் ஓர் ஓரம் தூக்கி நின்றாலோ பேட்டரி உப்பிவிட்டது. அதை மறுபடி சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். செல்போன் சர்வீஸ் கடையிலோ மின்கழிவு வாங்குகிறவரிடமோ கொடுத்துவிட்டு அதே மாடலுக்கான புது பேட்டரி வாங்குங்கள். அளவு பொருந்துகிறதே என்று வேறு போன் பேட்டரியைச் செருகுவது ஆபத்து.

கருவி நன்றாகப் பேசியும், ஒரு புத்தகம் மட்டும் அடம்பிடிக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே கார்டில் வேறு புத்தகம் ஓடுகிறதா? ஓடினால் அந்தப் புத்தகத்தின் ஃபைலில்தான் கோளாறு. எந்தப் புத்தகமும் ஓடவில்லையென்றால் வேறு கார்டில் ஒரே ஒரு எம்பி3 பாட்டைப் போட்டுச் செருகுங்கள். அது ஓடினால் பழைய கார்டு கெட்டிருக்கிறது. அதுவும் ஓடவில்லையென்றால் கார்டு செருகும் பள்ளத்தில் கோளாறு. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும், அடுத்த முறையும் முதலிலிருந்தே தேட வேண்டிவரும்.

பழுதே இல்லாத பழுதுகள்

கடைக்குப் போகும் கருவிகளில் கணிசமானவற்றுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. பட்டன் எதை அழுத்தினாலும் ஒரே ஒரு பீப் மட்டும் வருகிறதென்றால் கீ லாக் விழுந்திருக்கிறது. பையில் மற்ற சாமான்கள் அழுத்தி அப்படி ஆகும். சில கருவிகளில் ஓரத்தில் தள்ளும் பட்டன் இருக்கும், சிலவற்றில் எண்களை ஒரு வரிசையில் அழுத்த வேண்டும். அந்த வரிசையை இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பூட்டு விழுந்த பிறகு கருவியிடம் கேட்க முடியாது.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே அணைந்து போகிறதா? பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் ஸ்லீப் டைமரைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் அணைந்தால் டைமர். சில நேரம் பத்து நிமிடம், சில நேரம் நாற்பது என்று மாறினால் பேட்டரி.

குரல் கீச்சென்று புரியாத வேகத்தில் ஓடினால் ஸ்பீடு பட்டன் பையில் அழுந்தியிருக்கும். ஸ்பீக்கரில் சத்தமில்லை, ஹெட்போனில் மட்டும் கேட்கிறது என்றால் ஹெட்போன் துளையைப் பாருங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சேலத்தில் இது அடிக்கடி வருகிறது.

ஹெட்போன் துளைக்குள் மெல்லிய தகட்டு ஸ்பிரிங்குகள் உண்டு. பின்னை நுழைத்ததும் அவை விலகும், "ஹெட்போன் வந்துவிட்டது" என்று கருவி ஸ்பீக்கரை அணைத்துவிடும். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, ஜலகண்டாபுரம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். அந்தப் பஞ்சு துளைக்குள் போய், நீங்கள் பின்னைச் செருகும் ஒவ்வொரு முறையும் உள்ளே அமுங்கி, கடைசியில் கடுகளவு கெட்டிப் பந்தாகி ஸ்பிரிங்கைத் தள்ளியபடியே நிற்கும். ஹெட்போனை உருவிய பிறகும் அது மாட்டியிருப்பதாகவே கருவி நம்பிக்கொண்டிருக்கும். ஒரு சோதனை: பின் முழுதாக உள்ளே போகும்போது முன்பு இரண்டு சின்னக் கிளிக் விரலுக்குத் தெரியும். இப்போது கடைசிக் கிளிக் வராமல் மெத்தென்று நின்றால் உள்ளே பஞ்சு இருக்கிறது.

கருவியை அணைத்து, துளை கீழே பார்க்கும்படி பிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் பல்குத்தியால் ஓரத்தை ஒட்டி நுழைத்து லேசாகச் சுழற்றி வெளியே இழுங்கள். பந்து ஒரே இழுப்பில் வரலாம், நாலைந்து இழுப்பும் ஆகலாம். குண்டூசி, ஹேர்பின் வேண்டாம், ஸ்பிரிங் வளைந்தால் அதற்கு வைத்தியம் சாலிடரிங் மேசையில்தான். வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். பஞ்சு வந்த பிறகும் ஸ்பீக்கர் பேசவில்லையென்றால் ஹெட்போன் பின்னைப் பத்து முறை செருகி உருவுங்கள், தகட்டில் படிந்த அழுக்கு தேய்ந்து போகும். தறிச் சத்தத்தில் கேட்பவர்கள் ஹெட்போனை எடுத்ததும் துளையில் ஒரு ரப்பர் அடைப்பான் வைப்பது நல்லது. ஆனால் அடைப்பான் குட்டையாக இருக்க வேண்டும். நீளமானது ஸ்பிரிங்கைத் தொட்டால் அதையே ஹெட்போன் என்று கருவி எடுத்துக்கொள்ளும்.

சார்ஜ் ஏறவில்லை

முதலில் கேபிள், பிறகு சார்ஜர், கடைசியில்தான் கருவி. நல்ல நிலையில் உள்ள போனின் கேபிளையும் 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் சாதாரணச் சார்ஜரையும் வைத்துச் சோதியுங்கள். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் செருகினால் கருவியே தெரியவில்லை என்றால், அந்தக் கேபிளில் சார்ஜுக்கான கம்பி மட்டும் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. வெளியிலிருந்து தொட்டு வித்தியாசம் காண முடியாது. போனோடு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்து, தகவல் போகும் கேபிளில் ஒரு முடிச்சு நூல் கட்டி வையுங்கள்.

மைக்ரோ யூஎஸ்பி மாடல்களில் அதிகம் கெடுவது அந்தச் செருகுவாய்தான், தலைகீழாக அழுத்துவதால். பிளக்கின் ஒரு பக்கத்தில் இரண்டு சின்னக் கொக்கி விரல் நுனிக்குத் தட்டுப்படும். உங்கள் கருவியை எப்போதும் எண் பட்டன்கள் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கொக்கி எந்தப் பக்கம் இருந்தால் பிளக் எளிதாகப் போகிறது என்று ஒருமுறை அறிந்துகொள்ளுங்கள். பிறகு பிளக்கின் மேல்பக்கப் பிளாஸ்டிக்கில் ஒரு துளி நெயில் பாலிஷை மேடாக வைத்துக் காயவிடுங்கள். அதன்பின் தடவினால் போதும். சி வகைச் செருகுவாய்க்கு இந்தத் தொல்லை இல்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்கு அடியில் ஜன்னலோரம், பஸ்ஸில் என்ஜின் மூடிமேல், நிறுத்திய காருக்குள் கருவியை வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது சார்ஜும் போடாதீர்கள். தேர்வு முடிந்து இரண்டு மாதம் தொடப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுதாக வடியவிட்டு வைத்த பேட்டரி பிறகு எழுந்திருக்காமலே போகலாம்.

ஏற்காட்டு ஈரம்

மலையில் இருப்பவர்களுக்குப் பஞ்சுத் தொல்லை இல்லை, மூடுபனித் தொல்லை உண்டு. காற்றிலுள்ள ஈரம் கார்டின் தகடுகளில் படிந்து மெல்லிய களிம்பாகிறது. "கார்டு இல்லை" என்று காலையில் சொல்லும் கருவி மதிய வெயிலுக்குப் பிறகு சரியாகிவிட்டால் காரணம் இதுதான்.

கருவியை அணைத்துவிட்டுக் கார்டை எடுங்கள். கார்டின் ஒரு முகம் வழுவழுப்பு, இன்னொரு முகத்தில் ஓரமாக வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளங்களில்தான் தகடுகள். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பள்ளங்களின் நீளவாக்கில் நாலைந்து முறை மெதுவாகத் தேய்த்து, துகளைக் காய்ந்த துணியால் துடைத்தெடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு குச்சியில் தொட்டுத் துடைப்பது இன்னும் நல்லது, இரண்டு நிமிடம் ஆறவிட்டுச் செருகலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும், அதைத் தொடாதீர்கள். கருவிக்குள் இருக்கும் பள்ளத்தைச் சுத்தம் செய்ய எதையும் விடாதீர்கள், துடைத்த கார்டையே ஐந்தாறு முறை செருகி எடுத்தால் போதும்.

இரவில் கருவியை ஜிப் கவரில் போட்டு, செருப்பு டப்பாவிலும் மருந்து டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடவே வையுங்கள். மழையில் நனைந்துவிட்டால் அணைத்து, பேட்டரியும் கார்டும் கழற்றி, மூடிகளைத் திறந்தபடி மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் வைக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைக்கச் சொல்வார்கள். வேண்டாம். அரிசி ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, அதன் தவிட்டு மாவு செருகுவாய்க்குள் போய்ப் பசையாகிவிடும்.

இடி மின்னல் அடிக்கும்போது சார்ஜரைச் சுவரிலிருந்தே உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

புத்தகம் மட்டும் ஓடவில்லை

பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயா 2016-இல் தொடங்கப்பட்ட பிறகு தமிழ்ப் புத்தகங்களை வீட்டிலிருந்தே இறக்க முடிகிறது. இறக்கியது கருவியில் ஓடாமல் போகப் பெரும்பாலும் நான்கு காரணங்கள்.

ஒன்று, ஜிப் ஃபைலை விரிக்காமலே கார்டில் போட்டுவிடுவது. 

இரண்டு, விரித்தபோது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உருவாகி, புத்தகம் ஒரு படி ஆழத்தில் மாட்டிக்கொள்வது. டெய்சி 2.02 புத்தகத்தில் என்சிசி என்ற பெயரில் ஓர் எச்டிஎம்எல் ஃபைல் இருக்கும், கருவி முதலில் தேடுவது அதைத்தான். டெய்சி 3 என்றால் ஓபிஎஃப் என்று முடியும் ஃபைல். புத்தகப் பெயருள்ள ஃபோல்டரைத் திறந்ததும் அடுத்த நிலையிலேயே அந்த ஃபைல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள் ஃபோல்டரை முழுசாக வெட்டி மேலே கொண்டுவாருங்கள். உள்ளிருக்கும் ஃபைல்களின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். ஒலி, எழுத்து, பக்க எண் எல்லாவற்றையும் ஸ்மில் ஃபைல்கள் பெயர் வைத்துத்தான் கோக்கின்றன. ஒரு பெயர் மாறினாலும் அந்த இடத்தில் கோவை அறுந்துவிடும். 

மூன்று, எழுத்து மட்டும் உள்ள டெய்சியை இறக்கிவிடுவது. அதில் மனிதக் குரல் கிடையாது, கருவியின் செயற்கைக் குரல்தான் படிக்க வேண்டும். தமிழ்க் குரல் இல்லாத கருவி அதை மௌனமாகத் தாண்டும், இல்லை எண்களையும் நிறுத்தக் குறிகளையும் மட்டும் படிக்கும். உங்கள் கருவியில் தமிழ்க் குரல் இல்லையென்றால் முழு ஒலிப் புத்தகமாகத் தேடி இறக்குங்கள், அல்லது கம்ப்யூட்டரில் தமிழ்க் குரல் கொண்டு எம்பி3 ஆக்கிப் போடுங்கள். 

நான்கு, பழைய எழுத்துரு. ஆசிரியர் கொடுத்த பாடக்குறிப்பு பாமினியில் தட்டச்சு செய்ததாக இருந்தால், தமிழ்க் குரல் இருந்தாலும் உளறலாகத்தான் வரும். பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள், தமிழ் வடிவம் வெறும் முகமூடி. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக மாற்றி, நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமியுங்கள்.

நீங்களே எம்பி3 பாடங்களை அடுக்குகிறீர்கள் என்றால் 1, 2, 3 என்று பெயர் வைக்காமல் 001, 002 என்று வையுங்கள். இல்லையென்றால் பல கருவிகள் 1-க்கு அடுத்து 10-ஐப் படிக்கும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் நகலெடுத்த கார்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன் சத்தமே இல்லாத ஒரு ஃபைல் வருகிறதென்றால், அது புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் மறைஃபைல். தயங்காமல் அழிக்கலாம்.

மலைக்காரர்களுக்கு ஒரு சொல்: ஏற்காட்டைத் தாண்டி உள்ளூர்களில் சிக்னல் வந்து வந்து போகும். பாதியில் அறுந்த இறக்கம் ஜிப்பாகவே விரியாது, அல்லது கடைசி அத்தியாயங்கள் இல்லாமல் விரியும். பெரிய ஒலிப் புத்தகங்களைச் சேலத்திலேயே இறக்கி, முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுங்கள். விநாடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்குச் சுமார் 29 எம்பி ஆகும். பத்து மணி நேரப் புத்தகம் 290 எம்பிக்குள் அடங்கும். 32 ஜிபி கார்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கொள்ளும்.

கார்டு வாங்கும்போது

பழைய கருவிகளுக்கு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வரும், பழைய கருவிகள் ஃபேட்32 மட்டுமே படிக்கும். கருவி "கார்டு பிழை" என்று சொல்லும், கார்டில் குறையே இருக்காது.

பாதி விலைக்குக் கிடைக்கும் கார்டுகளில் போலிகள் உண்டு. மேலே 32 என்று போட்டிருக்கும், உள்ளே 8 தான் இருக்கும். முதலில் போட்ட புத்தகங்கள் நன்றாக ஓடும், பிறகு போட்டவை பெயர் மட்டும் காட்டி ஓடாது. இதுதான் போலியின் அடையாளம். பில்லோடு வாங்குங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் கார்டு முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். புதுக் கார்டில் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

"எழுத முடியவில்லை" என்று கருவி சொன்னால் கார்டின் பூட்டைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பான முகம் உங்களைப் பார்க்க, வெட்டுப்பட்ட மூலை வலது மேல் பக்கம் இருக்கும்படி பிடித்தால், இடது ஓரத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் சின்னத் தள்ளுவான் இருக்கும். மேலே தள்ளினால் எழுதலாம், கீழே தள்ளினால் பூட்டு. செருகும்போது தானே கீழே நழுவிவிடுவது சகஜம்.

நகல்: எதை, எத்தனை, எங்கே

எல்லாவற்றையும் ஒரே மாதிரி நகலெடுக்க வேண்டியதில்லை. இறக்கிய புத்தகங்கள் போனால் மறுபடி இறக்கலாம், அவற்றின் பெயர்ப் பட்டியல் இருந்தால் போதும். உங்கள் குரல் குறிப்புகள், வகுப்பில் பதிந்தவை, யாரோ உங்களுக்காக வாசித்துக் கொடுத்தவை ஆகியவற்றுக்கு உலகில் வேறு பிரதி கிடையாது. அவற்றுக்கு மூன்று பிரதி வேண்டும்: கருவியில் உள்ள கார்டில் ஒன்று, கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ ஒன்று, வேறு வீட்டில் ஒன்று. மலையில் இருப்பவர் சேலத்தில் அத்தை வீட்டிலும், சேலத்தில் இருப்பவர் ஊரில் அண்ணன் வீட்டிலும் வைக்கலாம். ஒரே பைக்குள் மூன்றும் இருந்தால் அது ஒரு பிரதிதான்.

புத்தக அடையாளங்கள் வேறு கதை. அவற்றைக் கார்டில் எழுதும் கருவியும் உண்டு, உள் நினைவகத்தில் எழுதும் கருவியும் உண்டு. இரண்டாம் வகையில் கார்டை எத்தனை முறை நகலெடுத்தாலும் அடையாளங்கள் வராது. தேர்வுக்கு முக்கியமான இடங்களில் அடையாளம் போடுவதோடு நில்லாமல், "பொருளாதாரம், நான்காம் பாடம், பக்கம் 112, வரி விதிப்பு" என்று ஒரு குரல் குறிப்பும் பதிந்துவிடுங்கள். குறிப்பு கார்டோடு வரும். கருவியே மாறினாலும் பக்க எண்ணைத் தட்டி அந்த இடத்துக்குப் போகலாம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ நிரல் கொண்டு நகலெடுக்கும் முறை:

1. கார்டின் பூட்டைக் கீழே தள்ளிப் பூட்டிவிட்டுக் கார்டு ரீடரில் செருகுங்கள். பூட்டிய கார்டில் தவறிப்போய் டெலீட் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. நேரடியாகக் கருவியைக் கேபிளில் இணைப்பதைவிட இது பத்திரம்.
2. விண்டோஸும் ஈயும் அழுத்தி எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, கார்டுக்குள் போய், கன்ட்ரோலும் ஏயும் அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள்.
3. ஆல்ட்டும் என்டரும் அழுத்தினால் ப்ராப்பர்ட்டீஸ் திறக்கும். என்விடிஏ விசையோடு பி (B) அழுத்தினால் முழுவதையும் படிக்கும். எத்தனை ஃபைல், எத்தனை ஃபோல்டர், எத்தனை பைட் என்ற மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு எஸ்கேப் அழுத்துங்கள்.
4. கன்ட்ரோல் சி. கம்ப்யூட்டரில் அன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு புது ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் கன்ட்ரோல் வி. பழைய ஃபோல்டரின் மேலேயே ஒட்டாதீர்கள். போன மாதமே கெட்டுப்போன ஃபைல் இந்த மாதம் நல்ல பிரதியை மூடிவிடும்.
5. முடிந்ததும் புது ஃபோல்டருக்குள் போய் எல்லாவற்றையும் தேர்ந்து மறுபடி ஆல்ட், என்டர். மூன்று எண்களும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ஃபைல் குறைந்தாலும் மறுபடி நகலெடுங்கள்.
6. விண்டோஸும் பியும் (B) அழுத்தி, அம்புக்குறியால் "சேஃப்லி ரிமூவ்" வரை போய்க் கார்டை வெளியேற்றி, அதன்பின் உருவுங்கள்.

எண்கள் ஒத்துப்போனால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். பிரதியிலிருந்து மூன்று குறிப்புகளை, ஒன்று பழையது, ஒன்று நடுவிலிருந்து, ஒன்று நேற்றையது, ஓட்டிக் கேளுங்கள். டெய்சி புத்தகத்தில் சின்னச் சின்ன ஸ்மில் ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பதால் நகலெடுக்க நேரமாகும். என்விடிஏவின் பீப் ஒலி நடுவில் நின்றதுபோல் இருந்தாலும் உருவிவிடாதீர்கள்.

கார்டுகளைக் கையால் அடையாளம் காண அவற்றின்மேல் ஸ்டிக்கரோ பிரெயில் புள்ளியோ ஒட்டக் கூடாது, அது பள்ளத்துக்குள் சிக்கிக்கொண்டால் கார்டு வெளியே வராது. டப்பாவின் மேல் ஒட்டுங்கள்.

பார்வையற்றோருக்காக மாற்றிய புத்தகங்களைச் சொந்தப் பயன்பாட்டுக்கு இப்படிப் பிரதி வைத்துக்கொள்ளலாம். 2012-இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம் அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கு அந்த உரிமையைத் தருகிறது. பார்வையுள்ள நண்பருக்கு அனுப்பிவைப்பது அதில் அடங்காது.

கடைக்குக் கொடுக்கும் முன்

கார்டையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் கடைக்காரர் நல்ல எண்ணத்தோடேயே "வைரஸ் இருக்கும்" என்று கார்டை ஃபார்மேட் செய்துவிடுவார். "கார்டு என்கிட்டயே இருக்கட்டுங்கண்ணா, சார்ஜ் பின்னை மட்டும் பாருங்க, வேற எதையும் ரீசெட் பண்ணாதீங்க" என்று என்ன பழுது, எதைத் தொடலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். செருகுவாய் மாற்றுவது, பேட்டரி மாற்றுவது இரண்டும் நல்ல சாலிடரிங் தெரிந்த எந்தக் கடையிலும் நடக்கும். தாய்ப்பலகையே போனால் தயாரிப்பாளரின் சர்வீஸ் மையம்தான் வழி. திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து, ஸ்பீக்கர், ஹெட்போன், எல்லா எண் பட்டன், சார்ஜ் ஆகிய நான்கையும் சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தவறி அழிந்துவிட்டால்

அந்த நொடியே கார்டை வெளியே எடுத்து, பூட்டைக் கீழே தள்ளுங்கள். அழித்த ஃபைல் உடனே மறைவதில்லை, அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். இன்னொரு குறிப்பு பதிந்தால் அந்த இடம் போய்விடும். ரெக்குவா, ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல்கள் கார்டைத் துழாவி மீட்டுத் தரும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள்.

ஃபோட்டோரெக் மீட்கும் ஃபைல்களுக்குப் பழைய பெயர் இருக்காது, எல்லாம் எண்களாக வரும். குரல் குறிப்புகளுக்கு அதனால் நஷ்டமில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைத்துக்கொள்ளலாம். டெய்சி புத்தகங்கள் பெயரை நம்பி இருப்பதால் மீண்டாலும் ஓடாது. அவற்றோடு மல்லுக்கட்டாமல் பட்டியலைப் பார்த்து மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே புத்தகம் ஒவ்வொரு முறையும் அதே நிமிடத்தில் தாண்டிக் குதிக்கிறது, வேறு கார்டில் போட்டால் சரியாக ஓடுகிறது என்றால் பழைய கார்டில் ஓர் இடம் செத்துவிட்டது. எக்ஸ்ப்ளோரரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, கன்ட்ரோலும் டேபும் அழுத்தி டூல்ஸ் பக்கத்துக்குப் போய் "செக்" கொடுத்தால் ஃபைல் அமைப்பின் குழப்பங்கள் சரியாகும். இதற்கு மட்டும் கார்டின் பூட்டைத் திறந்திருக்க வேண்டும், அதற்கு முன் நகல் எடுத்திருக்கவும் வேண்டும். செத்த இடத்துக்கு அது மருந்தல்ல. அப்படிப்பட்ட கார்டில் இனி குறிப்பு பதியாதீர்கள்.

புதுக் கார்டு போட்டதும், அதில் 000 என்ற பெயரில் பத்து விநாடிக் குரல் பதிவு ஒன்றைச் சேருங்கள்: "இது இரண்டாம் கார்டு, தை மாதம் நகலெடுத்தது, சேலம் வீட்டில் இருக்க வேண்டியது." எந்தக் கருவியில் போட்டாலும் முதலில் அதுதான் பேசும்.